கணுக்கால் பட்டையும் திருவிழாத் தெருவும்

பிரேசிலில் கார்னிவல் கோடை வெயிலில் வருகிறது. பிப்ரவரியிலோ மார்ச் தொடக்கத்திலோ, அரைக்கால் சட்டையும் ரப்பர் செருப்புமாக ஊரே தெருவில் இறங்கும் நாட்கள் அவை. கணுக்காலில் மின்னணுக் கண்காணிப்புப் பட்டை மாட்டப்பட்டவருக்கு அப்போது அதை மறைக்க வழியில்லை. மற்ற நாட்களில் முழுக்கால் சட்டைக்குள் ஒளித்துக்கொண்டு பேருந்து ஏறலாம், வேலைக்குப் போகலாம். பக்கத்தில் நிற்பவருக்குத் தெரியாது. கார்னிவலில் தெரிந்துவிடும். அது ஒருபுறம் இருக்கட்டும். அவர் அந்தத் தெருவில் நிற்கலாமா என்பதே முதல் கேள்வி.

‘டோர்னோசெலெய்ரா’ என்று அந்நாட்டில் சிறு பிள்ளைகளும் அறிந்த இந்தப் பட்டையை 2024 நிலவரப்படி ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் அணிந்திருந்தார்கள். சிறைக்கூடங்களுக்குள் இருந்தவர்கள் ஆறரை லட்சத்துக்கும் மேல். அடைத்துவைக்க இடமில்லாத நிலையும், அடைத்துவைப்பதால் பயனில்லை என்ற அனுபவமும் சேர்ந்துதான் பட்டையை அவ்வளவு வேகமாகப் பரவச் செய்தன. ஆனால் வெளியே விட்டபின் அந்த மனிதர் எந்த அளவுக்கு வெளியே இருக்கலாம் என்பதை நாடு இன்னும் தெளிவாக முடிவு செய்யவில்லை. வேலைக்குப் போக அனுமதி கேட்டால் கிடைக்கிறது. மருத்துவமனைக்கும் தாயின் இறுதிச் சடங்குக்கும் கேட்டால் கிடைக்கிறது. திருவிழாவுக்குக் கேட்டால் கேள்வியே விசித்திரமாகப் பார்க்கப்படுகிறது. ‘குற்றவாளிக்குக் கொண்டாட்டம் ஒரு கேடா’ என்ற கோபம் அந்தப் பார்வைக்குப் பின்னால் இருக்கிறது. அந்தக் கோபத்தை நான் மதிக்கிறேன். ஆனால் அதை மட்டும் வைத்துச் சட்டம் செய்தால் வெளியே விட்டதன் நோக்கமே கெட்டுப்போகும் என்பது என் கருத்து. திருவிழா அனுமதி சலுகையாகவும் இருக்கக்கூடாது, மொத்தத் தடையாகவும் இருக்கக்கூடாது. ஆளைப் பார்த்து, நேரத்தையும் இடத்தையும் பார்த்து, யாருக்குத் தீங்கு நேர்ந்ததோ அவரை முதலில் கேட்டு எடுக்க வேண்டிய முடிவு அது.

பிரேசிலின் தண்டனை நிறைவேற்றச் சட்டம் 1984 ஜூலையில் வந்தது. தண்டனை பெற்றவர் சமூகத்தோடு இசைவாக இணைவதற்கான சூழலை உண்டாக்குவது தண்டனை நிறைவேற்றத்தின் நோக்கம் என்று அதன் முதல் பிரிவே சொல்கிறது. அதே 1984-இல்தான் ரியோ டி ஜெனிரோவில் கட்டடக் கலைஞர் ஆஸ்கார் நீமயர் வடிவமைத்த சம்பா ஊர்வலத் திடலும் திறக்கப்பட்டது. ராணுவ ஆட்சி முடியும் தறுவாயில் இருந்த நாடு ஒரே ஆண்டில் ஒரு கையால் கைதியைச் சமூகத்துக்குத் திருப்பித் தரும் சட்டத்தை எழுதியது, மறு கையால் அந்தச் சமூகத்தின் மிகப் பெரிய கொண்டாட்டத்துக்கு நிரந்தர மேடை கட்டியது. இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளவில்லை.

பட்டை சட்டத்துக்குள் வந்தது 2010 ஜூனில். மூடிய சிறைக்கும் திறந்த முறைக்கும் இடைப்பட்ட அரைத்திறந்த சிறைமுறையில் இருப்பவர் தற்காலிக விடுப்பில் போகும்போதும், ஒருவர் வீட்டுக்காவலில் இருக்கும்போதும் நீதிபதி மின்னணுக் கண்காணிப்புக்கு உத்தரவிடலாம் என்றது அந்தத் திருத்தம். விடுப்புக்கு அதே திருத்தம் சில நிபந்தனைகளையும் சேர்த்தது: தங்கப்போகும் வீட்டு முகவரியைக் கொடுக்க வேண்டும், இரவில் அந்த வீட்டுக்குள் இருக்க வேண்டும், மதுக்கடை, இரவு விடுதி போன்ற இடங்களுக்குப் போகக்கூடாது. கார்னிவலைப் பெயர் சொல்லி யாரும் தடுக்கவில்லை. ஆனால் இரவும் மதுவும் இல்லாத கார்னிவல் எது என்று கேட்டால், பல நீதிமன்றங்களுக்கு அந்த இரண்டு நிபந்தனைகளே பதிலாகிவிடும். அடுத்த ஆண்டு, 2011-இல், விசாரணைக் கைதிகளுக்கும் பட்டை வந்தது. சிறையில் வைப்பதற்குப் பதிலாகக் கண்காணிப்பில் வெளியே விடலாம் என்று குற்றவியல் நடைமுறைச் சட்டம் திருத்தப்பட்டது.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். ஏழாண்டுத் தண்டனையில் பாதியைக் கழித்துவிட்டவர், வழக்கு இன்னும் நிரூபிக்கப்படாதவர், மனைவியை அடித்ததால் அவரிடமிருந்து விலகி நிற்க ஆணையிடப்பட்டவர், வயதும் நோயும் காரணமாக வீட்டுக்காவலுக்கு மாற்றப்பட்டவர் ஆகிய எல்லோர் காலிலும் இருப்பது ஒரே பட்டை. இவர்களை ஒன்றாகச் சேர்த்து ‘பட்டைக்காரர்கள்’ என்று பேசுவதில்தான் திருவிழா பற்றிய விவாதம் தடம் புரள்கிறது. நிரூபிக்கப்படாத குற்றத்துக்காகப் பட்டை அணிந்தவரை எந்த நியாயத்தில் கொண்டாட்டத்திலிருந்து விலக்குவது? வழக்கின் சாட்சிகள் அங்கே வருவார்கள் என்றால் அது ஒரு காரணம். தப்பிவிடுவார் என்பதற்கு ஆதாரம் இருந்தால் அதுவும் ஒரு காரணம். பட்டை இருக்கிறது என்பது மட்டும் காரணமாகாது.

கருவி பிறந்த கதையும் இந்த விவாதத்துக்குப் பொருத்தமானதே. 1960-களில் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஷ்விட்ஸ்கேபல் என்ற இரட்டையர், குற்றம் செய்த இளைஞர்களின் இருப்பிடத்தை வானொலி அலைவழி அறியும் கருவியைச் சோதித்தார்கள். நல்லபடி நடந்துகொள்வோரை உடனுக்குடன் ஊக்குவிப்பது அவர்கள் நோக்கம். அடைப்பதை அவர்கள் எண்ணவில்லை. 1983-இல் நியூ மெக்ஸிகோவின் ஆல்புகர்க்கி நகரில் ஜாக் லவ் என்ற நீதிபதி, ஸ்பைடர்மேன் சித்திரக்கதையில் பார்த்த கருவியிலிருந்து யோசனை பெற்று, நன்னடத்தைக் காவலில் இருந்தவர்களை வீட்டுக்குள் வைக்க அதுபோன்ற ஒரு கருவியைப் பயன்படுத்தினார். அன்று முதல் கருவியின் வேலை வீட்டுக்குள் வைப்பதுதான் என்றாகிவிட்டது.

இன்று பிரேசிலில் மாட்டப்படும் பட்டையில் செயற்கைக்கோள் வழி இடமறியும் கருவியும் செல்பேசி சிம்மும் இருக்கின்றன. இடத்தை ஒன்று கண்டுபிடிக்கிறது, மற்றொன்று மையத்துக்குச் சொல்கிறது. பட்டையை அறுத்தாலோ திறந்தாலோ மையத்துக்கு எச்சரிக்கை போகும். ‘உள்ளே இருக்க வேண்டிய பகுதி’, ‘நெருங்கக் கூடாத பகுதி’ என்று வரைபடத்தில் கோடு போட்டுவைத்திருப்பார்கள். கோட்டைத் தாண்டினால் பட்டை அதிரும், விளக்கு எரியும், செல்பேசியில் அழைப்பு வரும். பேட்டரிக்கு அன்றாடம் மின்னேற்ற வேண்டும். காலில் இருந்து கழற்ற முடியாது என்பதால், சுவரிலிருந்து வரும் வயரின் நீளத்துக்குள் மனிதரே உட்கார்ந்திருக்க வேண்டும். இரவு முழுக்க ஆடிவிட்டு வந்து அசந்து தூங்கிப்போனவரின் பட்டை விடியலில் அணைந்துவிட்டால் அது விதிமீறல். விதிமீறலுக்கு எழுத்து மூல எச்சரிக்கை முதல் மூடிய சிறைக்குத் திருப்பி அனுப்புவது வரை எதுவும் நடக்கலாம்.

கூட்டத்தில் இந்தக் கருவிக்கு வேறொரு தொல்லை உண்டு. லட்சக்கணக்கான செல்பேசிகள் ஒரே தெருவில் கூடும்போது அலைவரிசை திணறும். அப்போது பட்டையின் தகவல் மையத்துக்குத் தாமதமாகப் போகும், அல்லது அறுபடும். உயரமான கட்டடங்களுக்கிடையே செயற்கைக்கோள் அலை சுவரில் மோதித் திரும்புவதால் ஆள் நிற்கும் இடம் அடுத்த தெருவாகக் காட்டப்படும். திருவிழாவுக்கு விடக்கூடாது என்போர் இதை வலுவான வாதமாகச் சொல்கிறார்கள். அதில் உண்மை இருக்கிறது. ஆனால் அதே கருவியை நம்பித்தான் நாள்தோறும் நெரிசல் மிக்க பேருந்து நிலையங்களுக்கும் சந்தைகளுக்கும் அவர்களை அனுப்புகிறோம். ஒருவர் எங்கே நிற்கிறார் என்பதைத்தான் பட்டை சொல்லும். அங்கே என்ன செய்கிறார் என்பதைத் திருவிழாவிலும் அதற்குத் தெரியாது, திங்கட்கிழமைச் சந்தையிலும் தெரியாது.

கூட்டம் கண்காணிப்பைக் குலைக்கும் என்ற அச்சத்துக்கு அண்மையில் ஒரு பெரிய சான்று கிடைத்தது. முன்னாள் அதிபர் ஜயிர் போல்சனாரோவுக்கு 2025 ஜூலையில் பட்டை மாட்டப்பட்டது. ஆகஸ்டில் வீட்டுக்காவல் வந்தது. நவம்பர் 22 அன்று நள்ளிரவைத் தாண்டியதும் பட்டை எச்சரிக்கை அனுப்பியது. பற்றவைப்புக் கோலால் அதைச் சூடாக்கியதை அவரே ஒப்புக்கொண்டார். அன்று மாலை அவர் வீட்டருகே ஆதரவாளர்கள் திரண்டு வழிபாடு நடத்த அவருடைய மகன் அழைப்பு விடுத்திருந்தார். அந்தக் கூட்டம் தப்பிச்செல்ல மறைப்பாகலாம் என்று கருதிய உச்ச நீதிமன்ற நீதிபதி அலெஷாண்ட்ரே டி மொராயிஸ் அவரைக் கைது செய்ய ஆணையிட்டார். இங்கே ஒரு குறிப்பிட்ட மனிதர், குறிப்பிட்ட கூட்டம், குறிப்பிட்ட ஆதாரம் மூன்றும் இருந்தன. இந்த மூன்றையும் எழுதிக்காட்டும் ஆணைக்கும், ‘கூட்டம் ஆபத்து’ என்று பொதுவாகச் சொல்லிக் கதவைச் சாத்தும் ஆணைக்கும் இடையே பெரிய தூரம் உண்டு.

கார்னிவல் என்றதும் இரவு, மது, ஆட்டம் என்று நினைப்பதே பாதித் தவறு. வடகிழக்கில் ரெசிஃபே நகரின் ‘காலு டா மட்ருகாடா’ என்ற குழுவின் ஊர்வலம் கார்னிவல் சனிக்கிழமை காலையில் புறப்படுகிறது. 1978-இல் தொடங்கிய அந்தக் குழுவை உலகின் மிகப் பெரிய கார்னிவல் குழுவாகக் கின்னஸ் புத்தகம் 1990-களின் நடுவில் பதிவு செய்தது. பெயரிலேயே சேவல் இருக்கிறது. பாலத்தின் மீது பிரம்மாண்டமான சேவலை நிறுத்திவைப்பார்கள். பகல் வெயிலில், குழந்தைகளைத் தோளில் ஏற்றிக்கொண்டு குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். இரவு பத்து மணிக்குள் வீட்டில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை உள்ள ஒருவர் மகளோடு அங்கே போய்விட்டு மாலைக்குள் திரும்ப முடியும். ‘சம்பா பள்ளிகள்’ எனப்படும் ரியோவின் முதல்நிலை ஆட்டக் குழுக்களின் ஊர்வலமோ இரவில்தான் தொடங்கி விடியலை நோக்கி நீள்கிறது. இரண்டுக்கும் ஒரே பெயர் என்பதால் ஒரே விதி போட முடியுமா?

அடுத்தது பிழைப்பு. கார்னிவல் பார்ப்பவருக்குத்தான் விடுமுறை. சல்வடோர் நகரத்தில் பனிக்கட்டிப் பெட்டியைத் தள்ளிக்கொண்டு பீரும் தண்ணீரும் விற்பவர்களுக்கு, ஊர்வலத்தின் பின்னால் நடந்து காலி அலுமினிய டப்பாக்களைப் பொறுக்குபவர்களுக்கு, கயிறு பிடித்துக் கூட்டத்தைப் பிரித்து நிறுத்தும் கூலியாட்களுக்கு அது ஆண்டின் மிகக் கடினமான உழைப்பு வாரம். சேமிப்பு என்று ஏதாவது சேர்வதும் அந்த வாரத்தில்தான். விற்பனை சூடு பிடிப்பது இரவில். சிறைக்குப் போய்வந்தவருக்குக் கடையிலோ அலுவலகத்திலோ வேலை கிடைப்பது அரிது; தெரு வியாபாரம் பின்புலச் சான்றிதழ் கேட்பதில்லை. அதனால் பட்டை அணிந்தோர் பலரின் பிழைப்பு தெருவில்தான் இருக்கிறது. அவர்களிடம் ‘கொண்டாட்ட இடத்துக்குப் போகாதே’ என்று சொல்வது வேலைக்குப் போகாதே என்று சொல்வதாகிவிடுகிறது. ரியோவில் ரத வண்டிகளை இழைக்கும் தச்சர், இறகு ஒட்டும் தையல்காரர், தாளக்குழுவில் முரசு அடிப்பவர் எல்லோருக்கும் இது பொருந்தும். சம்பா பள்ளிகளின் ஒத்திகை பெரும்பாலும் இரவில் நடக்கிறது. இரவு வீடடங்கல் உள்ள ஒருவர் ஊர்வல நாளில் அனுமதி வாங்கினாலும் ஒத்திகைக்குப் போகாமல் குழுவில் நிற்க முடியாது. நேரத்தை மாற்றித் தரும் அதிகாரம் நீதிபதிக்கு உண்டு. கேட்பதற்கு வழக்கறிஞர் வேண்டும். அரசின் இலவசச் சட்ட உதவி வழக்கறிஞரின் மேசையில் ஏற்கெனவே குவிந்திருக்கும் கோப்புகளுக்கிடையே ஒரு முரசுக்காரரின் மனு எப்போது எழுதப்படும்?

பணமுள்ளவருக்கு இந்தக் கவலை இல்லை. ரியோவின் சம்பா பள்ளிகளுக்குப் பல பத்தாண்டுகளாகப் பணம் போட்டவர்களில் ‘ஜோகு டு பிஷு’ எனப்படும் சட்டவிரோத விலங்கு லாட்டரியின் முதலாளிகள் இருந்தார்கள். 1993-இல் நீதிபதி டெனிஸி ஃப்ரொஸார்ட் அவர்களில் 14 பேருக்குச் சிறைத்தண்டனை விதித்தார். அதற்குப் பிறகும் சம்பா உலகில் அவர்களின் செல்வாக்கு ஒழியவில்லை. கார்னிவலுக்கும் குற்றத்துக்கும் உள்ள உறவைப் பேசும்போது பனிக்கட்டிப் பெட்டிக்காரரை மட்டும் பார்ப்பது நியாயமில்லை.

சம்பாவின் வரலாற்றையும் மறக்க முடியாது. அடிமைமுறை ஒழிந்த இரண்டே ஆண்டுகளில், 1890-இல் வந்த தண்டனைச் சட்டம் கறுப்பினத்தவரின் தற்காப்புக் கலையான கப்போயிராவைக் குற்றமாக்கியது. வேலையின்றித் திரிவதையும் தண்டித்தது. பறைபோன்ற பண்டெய்ரு வாத்தியத்தைக் கையில் வைத்திருந்தாலே போலீஸ் பிடுங்கிக்கொண்ட காலம் அது. ஜுவாவோங் டா பயானா என்ற கலைஞரின் வாத்தியத்தைப் போலீஸ் பறித்தபோது, பின்யெய்ரு மஷாடு என்ற செனட்டர் தம் பெயரைப் பொறித்து வேறொன்றைப் பரிசளித்தார் என்றும், அந்தப் பெயரைப் பார்த்தபின் யாரும் அதைத் தொடவில்லை என்றும் சம்பா வரலாற்றில் சொல்வார்கள். முதல் சம்பா பள்ளி என்று கருதப்படும் ‘டெய்ஷா ஃபலார்’ 1928-இல் ரியோவின் எஸ்டாசியு பகுதியில், போலீஸின் சந்தேகப் பார்வைக்கு எப்போதும் ஆளாகியிருந்த கறுப்பின உழைப்பாளிகளிடமிருந்து எழுந்தது. கண்காணிக்கப்பட்டவர்கள் உருவாக்கிய விழா இது. அவர்களின் பேரப்பிள்ளைகளை அதிலிருந்து விலக்கும்போது இந்த நினைவு நீதிபதியின் மேசையில் இருக்க வேண்டும்.

என்னை மிகவும் யோசிக்கவைத்தது கார்னிவலைவிட வேறொரு விழா. அமேசான் ஆற்று முகத்துவாரப் பகுதியில் உள்ள பெலேம் நகரில் அக்டோபர் இரண்டாம் ஞாயிறன்று நசரேத் மாதாவின் ஊர்வலம் புறப்படுகிறது. 1793 முதல் நடக்கும் இந்த விழாவை யுனெஸ்கோ 2013-இல் மானுடப் பாரம்பரியமாக ஏற்றது. வருவோர் ஏறத்தாழ இருபது லட்சம் என்று கணிக்கிறார்கள். முந்தின நாள் இரவு ஓர் ஊர்வலம். ஞாயிறு விடியலில் பெரிய ஊர்வலம். மாதாவின் வண்டியோடு இணைந்த பல நூறு மீட்டர் நீளக் கயிற்றைப் பிடிப்பதாக நேர்ந்துகொண்டவர்கள் வெறுங்காலோடு அதில் தொங்கிக்கொண்டு வருவார்கள். தோளோடு தோள் நெரியும். மயங்கி விழுபவர்களைத் தலைக்குமேல் தூக்கிக் கடத்துவார்கள். குணமான உறுப்பின் மெழுகு உருவத்தையும், கட்டி முடித்த வீட்டின் சிறு உருவத்தையும் தலையில் சுமந்து வருவோர் உண்டு. வேளாங்கண்ணியையும் பழனியையும் அறிந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நேர்த்திக்கடன் என்றால் என்ன, அது செலுத்தப்படாமல் நின்றால் மனம் என்ன பாடுபடும் என்பதைத் தமிழ் வாசகர் அறிவார்.

இந்தக் கயிற்றைப் பிடிக்க ஒருவர் அனுமதி கேட்டால் அது பொழுதுபோக்கு மனுவா? பிரேசில் அரசமைப்பு மனச்சாட்சிக்கும் வழிபாட்டுக்கும் சுதந்திரம் தருகிறது. 215-ஆம் பிரிவு பண்பாட்டு உரிமைகளை முழுமையாக அனுபவிப்பதற்கு அரசு உறுதி தர வேண்டும் என்கிறது. 1948-ஆம் ஆண்டின் மனித உரிமைப் பிரகடனத்தின் 27-ஆம் பிரிவும் சமூகத்தின் பண்பாட்டு வாழ்வில் பங்கேற்பதை உரிமையாகச் சொல்கிறது. தண்டனை அந்த உரிமையைக் குறைக்கலாம், இல்லாமலாக்க முடியாது. மகனுக்கு நோய் தீர்ந்தால் கயிறு பிடிக்கிறேன் என்று சிறைக்கூடத்தில் நேர்ந்துகொண்ட தாய், பட்டையோடு வெளியே வந்த முதல் அக்டோபரில் வெறுங்காலோடு அந்தத் தெருவில் நிற்கிறார் என்று எண்ணிப் பாருங்கள். அவர் பட்டை எல்லோர் கண்ணிலும் படும். வெட்கப்பட வேண்டியிருக்கும். அந்த வெட்கத்தோடும் அவர் வருகிறார் என்றால், சமூகத்தோடு இணைவது பற்றிச் சட்டத்தின் முதல் பிரிவு சொல்வதை அவரே செய்துகாட்டுகிறார்.

மறுபக்கத்துக்கு வருவோம். அது லேசானதல்ல. 2024 ஜனவரித் தொடக்கத்தில் பெலோ ஒரிசாஞ்சி நகரில் சார்ஜென்ட் ரோஜர் டயஸ் டா குன்யா என்ற 29 வயது ராணுவப் போலீஸ்காரர் சுடப்பட்டு இறந்தார். சுட்டவர் கிறிஸ்துமஸ் விடுப்பில் வெளியே வந்து திரும்பாதவர். நாடு கொதித்தது. ‘சைடின்யா’ என்று மக்கள் சுருக்கிச் சொல்லும் அந்தப் பண்டிகைக்கால விடுப்பை ஒழிக்க வேண்டும் என்ற குரல் நாடாளுமன்றத்தை நிறைத்தது. ஏப்ரலில் வந்த 14.843-ஆம் எண் சட்டத்துக்கு அவர் பெயரையே வைத்தார்கள். குடும்பத்தைப் பார்க்கப் போகும் விடுப்பை நீக்கும் பகுதியை அதிபர் லூலா மறுத்து நிறுத்தினார். மே 28 அன்று நாடாளுமன்றம் அந்த மறுப்பைத் தள்ளுபடி செய்தது. இப்போது அரைத்திறந்த முறையில் உள்ளோருக்குப் படிப்புக்கான விடுப்பு மட்டுமே எஞ்சியிருக்கிறது. சமூக வாழ்வுக்குத் திரும்ப உதவும் செயல்களில் பங்கேற்பதற்கான விடுப்பும் குடும்ப விடுப்போடு சேர்ந்து போய்விட்டது.

ஒரு குடும்பத்தின் இழப்புக்கு முன்னால் விழுக்காடுகளைப் பேசுவது கடினம். ஆனாலும் பேசத்தான் வேண்டும். பண்டிகை விடுப்பில் போய்த் திரும்பாதவர்கள் 5 விழுக்காட்டையொட்டியே இருந்தார்கள் என்று அந்த நாட்களில் வெளிவந்த கணக்குகள் காட்டின. இருபது பேரில் பத்தொன்பது பேர் குறித்த நாளில் தாமாகச் சிறைவாசலுக்கு நடந்து வந்தார்கள். அந்தப் பத்தொன்பது பேரிடமிருந்து இந்தச் சட்டம் பறித்தது நிறைய. தண்டனை முடிந்து ஒரே நாளில் கதவு திறந்து வெளியே தள்ளப்படுபவர், இடையிடையே வீட்டுக்கு வந்துபோய்ப் பழகியவரைவிடப் பாதுகாப்பானவர் என்று எனக்குத் தோன்றவில்லை. அதே சட்டம் பட்டையின் வீச்சையும் பெருக்கியது. திறந்த முறைக்கும் அரைத்திறந்த முறைக்கும் பரோலுக்கும் பட்டை மாட்டலாம். குறிப்பிட்ட இடங்களுக்குப் போவதைக் கட்டுப்படுத்தும் தண்டனைக்கும் மாட்டலாம். இந்தக் கடைசி வகை நம் பொருளுக்கு நேரடியாக வருகிறது. எந்த இடம், எந்த நாள், ஏன் என்று நீதிபதி எழுதியாக வேண்டிய கட்டாயம் இங்கே இருக்கிறது. ஒழுங்காகச் செய்தால் மொத்தத் தடைக்கு இதுவே மாற்று.

பெண்களின் பாதுகாப்பில் எனக்குச் சமரசம் இல்லை. 2006-இல் வந்த மரியா டா பென்யா சட்டம் அடித்தவனை விலகி நிற்க ஆணையிடும் அதிகாரத்தைத் தந்தது. 2025 ஏப்ரலில் வந்த திருத்தம், அப்படி ஆணையிடப்பட்டவருக்குப் பட்டையையும், அவர் நெருங்கினால் அந்தப் பெண்ணை எச்சரிக்கும் கருவியையும் சட்டத்தில் சேர்த்தது. வீட்டையும் அலுவலகத்தையும் சுற்றி வரைபடத்தில் கோடு போடுவது எளிது. திருவிழாத் தெருவில் இருவருமே நகர்ந்துகொண்டிருக்கிறார்கள். பல நூறு மீட்டர் இடைவெளி விட அங்கே இடமில்லை. கூட்டத்தில் அலைவரிசை திணறும்போது எச்சரிக்கையும் தாமதமாகும். எனவே அந்தப் பெண் ஊர்வலத்துக்குப் போகிறார் என்றால் அந்த ஆண் போகக்கூடாது. இதில் சமநிலைப் பேச்சுக்கு இடமில்லை. அந்தப் பெண் அந்த ஆண்டு போக விரும்புகிறாரா என்று முன்கூட்டியே கேட்பதுதான் முறை. பல ஊர்களில் நடப்பது தலைகீழ்: அவன் வருவானோ என்ற பயத்தில் அவர் வீட்டுக்குள் இருந்துவிடுகிறார். அவர் காலில் பட்டை இல்லை. ஆனால் விழாவை இழந்தவர் அவர்தான்.

இதற்கிடையே தெருவே கண்காணிப்புக் கருவியாக மாறிவருகிறது. சல்வடோர் கார்னிவலில் நுழைவு வழிகளில் போலீஸ் சோதனை வாயில்கள் உண்டு. 2019-இல் அங்கே முகம் அறியும் கேமரா, பெண் வேடமிட்டு வந்த ஓர் இளைஞரை அடையாளம் காட்டியது. கொலை வழக்கில் தேடப்பட்டவர் அவர், வேடத்தோடே கைதானார். தொழில்நுட்பத்தின் வெற்றி என்று நாடெங்கும் அந்தச் செய்தி பரவியது. அதே ஆண்டில், முக அடையாளத்தால் கைதானோரில் இன விவரம் கிடைத்தவர்களைப் பாதுகாப்புக் கண்காணிப்பகங்களின் வலையமைப்பு ஒன்று கணக்கெடுத்தபோது, 90.5 விழுக்காட்டினர் கறுப்பினத்தவர் என்று தெரியவந்தது. பட்டையும் கேமராவும் ஒரே தெருவில் சந்திக்கும்போது, முறையான அனுமதியோடு வந்தவரும் வாயிலில் நிறுத்தப்பட்டு அரை நாள் விளக்கம் சொல்ல நேரும். அனுமதி ஆணை நீதிமன்றக் கோப்பில் மட்டும் இருந்தால் போதாது. வாயிலில் நிற்கும் போலீஸ்காரர் உடனே சரிபார்க்கும்படியும் இருக்க வேண்டும்.

சிறைக்கு வெளியே நிறைவேற்றப்படும் தண்டனைகளுக்கு ஐக்கிய நாடுகள் சபை 1990 டிசம்பரில் வகுத்த டோக்கியோ விதிகள், நிபந்தனைகள் நடைமுறைக்கு ஏற்றவையாகவும் துல்லியமாகவும் இயன்றவரை குறைவாகவும் இருக்க வேண்டும் என்கின்றன. மீண்டும் குற்றத்தில் விழாமல் தடுப்பதும் சமூகத்தில் இணைவதும் அவற்றின் குறியாக வேண்டும். பாதிக்கப்பட்டவரின் தேவையும் கணக்கில் வர வேண்டும். திருவிழா மனுவை அளக்க இதைவிட நல்ல அளவுகோல் எனக்குத் தெரியவில்லை.

நம் ஊருக்கும் இது தூரத்துக் கதையாக இருக்கப்போவதில்லை. 2023 நவம்பரில் ஜம்மு காஷ்மீர் போலீஸ் ஜாமீனில் வந்த ஒருவருக்கு ஜிபிஎஸ் பட்டை மாட்டியது. மத்திய உள்துறை அமைச்சகம் அதே ஆண்டு மாநிலங்களுக்கு அனுப்பிய மாதிரிச் சிறைச் சட்டம், மின்னணுக் கருவி அணியச் சம்மதிக்கும் கைதிக்கு அந்த நிபந்தனையின் பேரில் விடுப்பு தரலாம் என்கிறது. 2024 ஜூலையில் நீதிபதிகள் அபய் எஸ். ஓகா, உஜ்ஜல் புயான் அடங்கிய உச்ச நீதிமன்ற அமர்வு, ஜாமீனில் உள்ளவரின் நடமாட்டத்தைப் போலீஸ் இடைவிடாமல் அறிந்துகொள்ள வழி செய்யும் நிபந்தனை இந்திய அரசமைப்பின் 21-ஆம் பிரிவின் அந்தரங்க உரிமையை மீறுவது என்று தீர்ப்பளித்தது. தமிழ்நாட்டின் 1982-ஆம் ஆண்டுத் தண்டனை நிறுத்த விதிகள் விதைப்பு, அறுவடை, வீடு பழுதுபார்த்தல், பிள்ளைகளைப் பள்ளியில் சேர்த்தல், உடன்பிறந்தார் திருமணம் என்று விடுப்புக்கான காரணங்களைச் சொல்கின்றன. ஊர்த் திருவிழா அந்த வரிசையில் பெயரோடு இல்லை. பட்டை இங்கே பரவலாகும்போது, குலதெய்வக் கோயில் கொடைக்குப் போகலாமா என்ற மனு முதல் ஆண்டிலேயே வரும்.

அப்போது நமக்கு வேண்டியதும், பிரேசிலில் இப்போதே வேண்டியதும் ஒரே மாதிரியான ஆணைதான். விழா நாளுக்குப் பல வாரங்கள் முன்னதாக மனு. விழாவுக்கு முன்பே பதில், மறுத்தால் எழுத்தில் காரணம். எந்தத் தெரு, எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை, எங்கே மின்னேற்றுவது, அலைவரிசை அறுபட்டால் எந்த எண்ணுக்கு அழைப்பது என்ற விவரங்கள். உழைக்கப் போகிறவருக்கு உழைப்பின் நேரம், வேண்டுதல் உள்ளவருக்கு அந்த ஊர்வலத்தின் நேரம். எல்லாவற்றுக்கும் முன்னால், பாதிக்கப்பட்டவரிடம் கேட்டு வாங்கிய பதில் அந்தக் கோப்பில் இருக்க வேண்டும்; ஆணையின் நகல் அவருக்கும் அதே நாளில் போய்ச் சேர வேண்டும்.